குரல் எங்கே நிற்கிறது? ஆபிரகாம் பண்டிதரின் வாழ்வும் தேடலும்



தமிழிசையை வளர்த்த சான்றோர் யாவர் என்று கேட்டால் நம்மில் பலர் முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகிய மூவரைச் சொல்வோம். இன்னும் சிலர் பாரதியாரையும் சேர்த்துக்கொள்வர். ஆனால், தஞ்சாவூரில் மருந்து விற்று வாழ்ந்த ஒரு சித்த மருத்துவரின் பெயர் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் வருவதில்லை. தாம் ஈட்டிய பொருளை எல்லாம் ஒரு கேள்விக்கு விடை காண்பதற்காகச் செலவிட்டவர் அவர். இசை மாநாடுகளைத் தம் சொந்தச் செலவில் நடத்தினார். ஆயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்ட ஒரு நூலை எழுதி அச்சிட்டார். அவர்தான் ராவ் சாகிப் மு. ஆபிரகாம் பண்டிதர்.

அவரைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்து, இப்போது பொறியியல் பயிலும் எனக்கு முறையான இசைப் பயிற்சி கிடையாது. தமிழ்ப்பள்ளியில் இசைப் பாடத்தின்போது ரெக்கார்டர் ஊதினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் நடந்த தேவார வகுப்புக்குச் சென்றோம். எங்கள் கையில் இருந்த தேவாரப் புத்தகத்தில் ஒவ்வொரு பதிகத்தின் தலைப்பிலும் பண்ணின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். நட்டபாடை, இந்தளம், காந்தாரபஞ்சமம் என்று அந்தப் பெயர்களைப் பாடலோடு சேர்த்து வாசித்துவிட்டுத்தான் பாடத் தொடங்குவோம். பண் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியாது. இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் இயற்பியல் படித்தபோது அதிர்வெண், அலைநீளம் எல்லாம் கணக்காகக் கற்றேன். இந்த இரண்டையும் இணைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணத்தைப் பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகு பண்டிதரின் வாழ்க்கைதான் எனக்குத் தந்தது. அதனால்தான் இக்கட்டுரை.

ஓர் எளிய கேள்வி

பண்டிதரின் வாழ்க்கைக்குள் நுழையும் முன்பு அவர் தேடிய பொருளைச் சற்றுப் புரிந்துகொள்வோம்.

ஒரு மெட்டு நம் காதில் விழுகிறது. அந்த மெட்டுக்கு ஆதாரமான சுரம் எது? அதாவது, எதை ‘ச’ என்று வைத்துக்கொண்டால் அந்த மெட்டு சரியாக விளங்கும்? கீபோர்டு வாசிக்கும் நண்பர்கள் இதையே இந்தப் பாட்டு எந்த ஸ்கேல் என்று கேட்பார்கள். பாடகர்கள் எந்தக் கட்டை என்று கேட்பார்கள். கேட்க எளிய கேள்வி. விடை காண்பதற்குச் சிறிது பொறுமை வேண்டும்.

நாம் அனைவரும் அறிந்த பிறந்தநாள் பாட்டையே எடுத்துக்கொள்வோம். கீபோர்டில் வெள்ளைக் கட்டைகளை மட்டும் கொண்டு அதை வாசிக்கலாம். கட்டைகளை 1 முதல் 7 வரை எண்ணிக்கொள்ளுங்கள். பாட்டு 5-ஆம் கட்டையில் தொடங்குகிறது. இரண்டு முறை 5, பிறகு 6, மீண்டும் 5, அடுத்து மேலே உள்ள 1, பிறகு 7. இப்படிச் சென்று, நான்காம் அடியின் முடிவில் 1-ஆம் கட்டையில் வந்து அமர்கிறது. இடையில் ஏழு கட்டைகளும் பயன்பட்டுவிடுகின்றன.

இப்போது, தொடங்கும் கட்டையையே ‘ச’ என்று ஒருவர் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? 5 ‘ச’ ஆகும். 6 ‘ரி’ ஆகும். அப்படியே சென்று 4-ஆம் கட்டை ‘நி’ ஆகும். அந்த ஏழு சுரங்களும் அரிகாம்போதி இராகத்தின் சுரங்கள். மாறாக, பாட்டு வந்து அமரும் 1-ஆம் கட்டையை ‘ச’ என்று கொண்டால் அதே ஏழு கட்டைகள் சங்கராபரணம் ஆகிவிடுகின்றன. கீபோர்டில் 3-க்கும் 4-க்கும் இடையிலும், 7-க்கும் மேல் 1-க்கும் இடையிலும் கறுப்புக் கட்டை இல்லை. அங்கே அரைச்சுர இடைவெளிதான் உண்டு. 1-இல் நின்று பார்த்தால் அந்த அரைச்சுரங்கள் க–ம, நி–ச ஆகிய இடங்களில் விழுகின்றன. 5-இல் நின்று பார்த்தால் க–ம, த–நி ஆகிய இடங்களில் விழுகின்றன. கட்டைகள் மாறவில்லை. நாம் நிற்கும் இடம் மாறியது, இராகமே மாறிவிட்டது.

பிறந்தநாள் பாட்டைப் பாடி முடித்தவுடன் மனம் நிறைவது 1-இல்தான். ஆகவே அது சங்கராபரணத்தின் சுரங்களில் அமைந்த மெட்டு. தொடங்கும் சுரம் நம்மைத் திசை திருப்பலாம். மெட்டு எங்கே இளைப்பாறுகிறது என்பதும், அரைச்சுரங்கள் எங்கே விழுகின்றன என்பதும்தான் உண்மையைச் சொல்கின்றன.

‘ச’ என்று இன்று நாம் சொல்லும் ஆதார சுரத்திற்குப் பழந்தமிழில் குரல் என்று பெயர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன ஏழு சுரங்களின் தமிழ்ப் பெயர்கள். குரல் எது, அது இடம் மாறினால் என்ன பிறக்கும் என்ற கேள்வியைத்தான் பண்டிதர் தம் வாழ்நாளில் பெரும்பகுதி சுமந்தார்.

சாம்பவர் வடகரையிலிருந்து தஞ்சைக்கு

ஆபிரகாம் பண்டிதர் 1859-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த சாம்பவர் வடகரை என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் முத்துசாமி நாடார், தாயார் அன்னம்மாள். கிறிஸ்துவக் குடும்பம். இசையைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட குடும்பம் அன்று. இதனை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னாளில் பெரிய வித்துவான்கள் கூடிய அவையில் அவர் எழுந்து பேசியபோது அவருக்குப் பின்னால் குருபரம்பரையின் செல்வாக்கு எதுவும் இல்லை. தாம் கற்றதும் கணக்கிட்டதுமே அவருக்குத் துணை.

இளைஞராகத் திண்டுக்கல்லுக்குச் சென்று ஆசிரியர் பயிற்சி பெற்று, அங்கேயே ஆசிரியராகப் பணியாற்றினார். அவ்வூரில்தான் சடையாண்டி பத்தர் என்பவரிடம் பிடில் கற்றார். பிடில் அவருக்கு ஆராய்ச்சிக் கருவியாகவும் அமைந்திருக்கும் என்று நான் எண்ணுகிறேன். வீணையில் மெட்டுகள் உண்டு. கீபோர்டில் கட்டைகள் உண்டு. பிடிலிலோ விரல் வைக்கும் இடத்தைக் காதுதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சுரத்தின் சரியான இடம் எது என்ற கேள்வி பிடில் பழகும் ஒருவருக்கு அன்றாடம் எழக்கூடியது.

திண்டுக்கல்லில் இருந்த காலத்தில் மூலிகைகளைத் தேடிச் சுருளிமலைக்குச் சென்ற அவர், அங்கே கருணானந்தர் என்னும் துறவியைச் சந்தித்தார். அவரைக் குருவாக ஏற்று மருத்துவம் கற்றார். பிற்காலத்தில் தாம் தயாரித்த மருந்துகளுக்கும், தாம் உருவாக்கிய பண்ணைக்கும், தாம் எழுதிய நூலுக்கும் அந்தக் குருவின் பெயர் விளங்கும்படியே பெயரிட்டார். கிறிஸ்துவராக வாழ்ந்த ஒருவர், மலையில் வாழ்ந்த ஒரு சித்தரின் பெயரைத் தம் வாழ்நாள் உழைப்பின் மீதெல்லாம் பொறித்துவிட்டுப் போனார். பல சமயத்தார் அருகருகே வாழும் நம் நாட்டில் இதனைச் சொல்லாமல் கடந்து செல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஞானவடிவு பொன்னம்மாள் என்னும் ஆசிரியையை மணந்து, 1880-களில் தஞ்சாவூரில் குடியேறினார். கணவன் மனைவி இருவரும் அங்கே பள்ளியில் கற்பித்தனர். மருத்துவத்தில் அவருக்குப் பெயர் பெருகவே, ஆசிரியப் பணியை விட்டுவிட்டு முழுநேர மருத்துவரானார். கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் பெரும் புகழ் பெற்றன. தஞ்சைக்கு வெளியே கருணானந்தபுரம் என்ற பெயரில் பெரிய பண்ணை ஒன்றை உருவாக்கினார். மூலிகைகளும் பயிர்களும் அங்கே வளர்ந்தன. அன்றைய ஆங்கில அரசு 1909-இல் அவருக்கு ராவ் சாகிப் பட்டம் அளித்தது.

இத்துடன் நின்றிருந்தால் அவர் செல்வாக்குள்ள ஒரு மருத்துவராக வாழ்ந்து மறைந்திருப்பார். வசதியான வாழ்க்கை கைக்கு வந்த பிறகு பெரும்பாலோர் புதிய சிக்கலைத் தேடிப் போவதில்லை. பண்டிதர் தேடிப் போனார்.

வட்டமாக நின்ற ஏழு பெண்கள்

பண்டிதர் கருநாடக இசையோடு மேற்கத்திய இசையையும் பயின்றவர். எளிமையான மெட்டுகளில் தமிழ்ப் பாடல்களை இயற்றிச் சுரக் குறிப்போடு ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ என்ற நூலாக வெளியிட்டார். இசையைப் புதிதாகக் கற்கும் ஒருவர் தம் தாய்மொழியிலேயே தொடங்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அந்நாளில் தஞ்சையில் இசை கற்பவர்கள் பெரும்பாலும் தெலுங்கிலும் வடமொழியிலும் அமைந்த பாடல்களையே பயின்றார்கள்.

கற்பிக்கத் தொடங்கியவருக்கு ஐயங்கள் எழுந்தன. ஒரு தாயியில், அதாவது ஒரு ‘ச’ முதல் அடுத்த ‘ச’ வரை, எத்தனை சுருதிகள் உள்ளன? 13-ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம் 22 என்கிறது. நடைமுறையில் வித்துவான்கள் பாடுவதோடு இந்தக் கணக்கு ஒத்துப்போகிறதா? இராகங்கள் பிறக்கும் முறை என்ன? இவற்றுக்கெல்லாம் பழந்தமிழ் நூல்களில் விடை உண்டா?

உ.வே. சாமிநாத ஐயர் 1892-இல் சிலப்பதிகாரத்தை உரையோடு பதிப்பித்திருந்தார். அதுவரை ஓலைச்சுவடிகளில் முடங்கிக் கிடந்த இசைச் செய்திகள் அச்சில் வந்தன. ஆயினும், அவற்றைப் படித்த தமிழறிஞர்கள் பலருக்கு இசை தெரியாது. இசை தெரிந்த வித்துவான்கள் பலருக்குச் சிலப்பதிகார உரை பழக்கமில்லை. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர் பண்டிதர். அவருடைய பெருமை இங்கேதான் தொடங்குகிறது.

பள்ளியில் சிலப்பதிகாரம் படித்தவர்களுக்கு ஆய்ச்சியர் குரவை நினைவிருக்கலாம். கோவலன் சிலம்பை விற்க மதுரை நகருக்குள் சென்றிருக்கிறான். ஆயர் சேரியில் தீய நிமித்தங்கள் தோன்றுகின்றன. மாதரி குரவைக் கூத்துக்கு ஏற்பாடு செய்கிறாள். ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி, அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயரிடுகிறாள். கதையைப் படிக்கும்போது இதனை ஓர் அழகிய காட்சி என்று கருதிக் கடந்துவிடுகிறோம். இது ஓர் இசைக் கணக்கும் ஆகும். சோதிடர்கள் போடும் கட்டத்தைப் போலப் பன்னிரண்டு இராசிகளைக் கொண்ட வட்டத்தில் ஏழு சுரங்கள் எங்கெங்கே நிற்கின்றன என்பதைப் பழைய உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். பன்னிரண்டு வீடுகள் என்பதைக் கீபோர்டில் ஒரு தாயியில் உள்ள ஏழு வெள்ளைக் கட்டைகளும் ஐந்து கறுப்புக் கட்டைகளும் என்று வைத்துக்கொண்டால் நமக்கு எளிதில் விளங்கும்.

அந்த வட்டத்தில் குரலின் இடத்தை மாற்றினால் புதிய பாலை பிறக்கும். துத்தத்தைக் குரலாகக் கொண்டால் ஒன்று. கைக்கிளையைக் குரலாகக் கொண்டால் இன்னொன்று. இப்படி ஏழு பாலைகள்: செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை. இன்றைய இசைக்காரர்கள் கிரகபேதம் என்று சொல்வது இதைத்தான்.

நீங்களும் செய்து பார்க்கலாம். வெள்ளைக் கட்டைகளை மட்டும் தொட்டு 1-இல் தொடங்கி மேல் 1 வரை வாசித்தால் சங்கராபரணம். 2-இல் தொடங்கி மேல் 2 வரை வாசித்தால் கரகரப்பிரியா. 3-இல் தோடி, 4-இல் கல்யாணி, 5-இல் அரிகாம்போதி, 6-இல் நடபைரவி. 7-இல் தொடங்கினால் மட்டும் முறையான ‘ப’ கிடைக்காது. இவற்றுள் செம்பாலை எது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. அதனை அரிகாம்போதி என்று கொள்வோர் இன்று பலர். பிறந்தநாள் பாட்டில் அரிகாம்போதிக்கும் சங்கராபரணத்துக்கும் இடையே நாம் கண்ட அதே மயக்கம், பெரிய அறிஞர்களின் ஆராய்ச்சியிலும் குரல் எது என்ற கேள்வியாக நின்றது என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

22-ஆ, 24-ஆ?

பண்டிதர் தம் கருத்தைத் தாமே மெச்சிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. 1912-இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்ற அமைப்பைத் தோற்றுவித்தார். அடுத்தடுத்து இசை மாநாடுகளைக் கூட்டினார். வித்துவான்களையும் அறிஞர்களையும் வரவழைத்து, தங்குவதற்கும் உண்பதற்கும் தாமே ஏற்பாடு செய்தார். தம் கணக்கை அவர்கள் முன் வைத்து மறுக்கச் சொன்னார். மறுத்தவர்களும் உண்டு. பல நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்த 22 சுருதிகளை ஒரு மருத்துவர் கேள்விக்குள்ளாக்கினால் எல்லாரும் கைதட்டிவிடுவார்களா?

அவருடைய வாதத்தை ஒரு பொறியியல் மாணவனின் கண்கொண்டு சொல்ல முயல்கிறேன். ‘ச’வின் அதிர்வெண்ணை 1 என்று வைத்துக்கொண்டால் மேல் ‘ச’ 2 ஆகும். ‘ப’ என்பது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ‘ச’விலிருந்து ‘ப’, அந்தப் ‘ப’வைக் குரலாகக் கொண்டால் அதற்கொரு ‘ப’, இப்படிப் பன்னிரண்டு முறை சென்றால் பன்னிரண்டு சுரங்களும் கிடைத்து, ஏழு தாயி கடந்து மீண்டும் ‘ச’வுக்கே வந்து சேர வேண்டும். ஏழு தாயி என்றால் 128 மடங்கு. ஆனால், ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.746 வருகிறது. வட்டம் மூடவில்லை! சிறிய இடைவெளிதான், ஆனாலும் காதுக்குத் தெரியும்.

வட்டம் மூட வேண்டுமானால் ஒவ்வோர் இராசியும் சம அளவாக இருக்க வேண்டும். அப்போது ஒவ்வோர் அரைச்சுரமும் 1.05946 மடங்கு ஆகும், ‘ப’ 1.5-க்குப் பதிலாக 1.49831 ஆகும். பண்டிதர் சமமாகப் பிரிக்கும் இந்தப் பக்கமே நின்றார். ஆயப்பாலையில் ஒரு தாயி 12 சம பாகங்கள். வட்டப்பாலையில் அதுவே 24 சம சுருதிகள் என்பது அவர் முடிவு. குரல் எந்த இராசிக்கு இடம் பெயர்ந்தாலும் இடைவெளிகள் மாறாமல் இருக்க வேண்டுமல்லவா? பிரிவுகள் சமமாக இல்லையென்றால் குரலை மாற்றும்போதெல்லாம் பாலையின் உருவம் சிறிது சிதையும். குரல் மாற்றம் என்னும் முறையே சமப் பிரிவைக் கேட்கிறது என்று அவர் வாதத்தை நான் புரிந்துகொள்கிறேன். கணிப்பொறி இல்லாத காலத்தில், மருந்து தயாரிக்கும் வேலைகளுக்கு நடுவே, இத்தகைய பின்னங்களைப் பல இலக்கங்கள் வரை கையாலேயே கணக்கிட்டிருக்கிறார்.

1916-ஆம் ஆண்டு பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு நடந்தது. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் ஆதரவில், பாத்கண்டே முன்னின்று கூட்டிய மாநாடு அது. அதில் பண்டிதர் தம் சுருதி ஆராய்ச்சியை எடுத்துரைத்தார். 22 சுருதிக் கொள்கையை வலியுறுத்திய அறிஞர்களும் அங்கே இருந்தார்கள். பண்டிதர் காகிதத்தில் உள்ள கணக்கோடு மட்டும் செல்லவில்லை. தம் மகள்கள் மரகதவல்லி, கனகவல்லி ஆகிய இருவரையும் உடன் அழைத்துச் சென்றிருந்தார். தந்தை சொன்ன சுருதிகளை அவர்கள் அவையோர் முன் பாடியும் வீணையில் வாசித்தும் காட்டினார்கள். பெண்கள் பொதுமேடை ஏறுவதே அரிதாக இருந்த காலத்தில், ஓர் ஆராய்ச்சியின் சான்றாக இரு இளம்பெண்களின் குரலும் விரலும் நின்றன என்பதை நம் கழகத் தோழியர் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டும்.

கருணாமிர்த சாகரம்

1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. தமிழிசையின் வரலாறு, சுருதி ஆராய்ச்சி, பழந்தமிழ் நூல்களில் காணப்படும் பாலை முறைகள், பிறருடைய கணக்குகளுக்கு மறுப்பு, பட்டியல்கள் எனப் பெருங்கடலாகவே விரியும் நூல் அது. அது வெளிவந்த இரண்டே ஆண்டுகளில், 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள், தம் அறுபதாம் வயதில் பண்டிதர் மறைந்தார். அவர் எழுதி வைத்திருந்த இரண்டாம் பகுதியை மகள் மரகதவல்லி 1946-இல் நூலாக வெளியிட்டார். பரோடாவில் தந்தைக்காகப் பாடிய அதே மகள், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து அவருடைய எஞ்சிய உழைப்பையும் காப்பாற்றித் தந்தார்.

பண்டிதர் மூட்டிய நெருப்பு அணையவில்லை. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. 1947-இல் விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’ அரங்கேறியது. குரல் திரிந்து பாலை பிறக்கும் முறையைப் பற்றிப் பின்னால் எழுதியவர்கள், பண்டிதரோடு உடன்பட்டாலும் முரண்பட்டாலும், அவரைத் தொடாமல் செல்ல முடியவில்லை.

அவரை எப்படி வாசிப்பது?

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரியோரைப் பற்றி நம் ஆண்டிதழ்களில் எழுதும்போது அவர் சொன்னதெல்லாம் சரி என்று எழுதிவிடுவது எளிது. பண்டிதரின் எல்லா முடிவுகளும் இன்று ஏற்கப்படவில்லை. கடலில் மூழ்கிய லெமூரியாக் கண்டத்தைப் பற்றி அவர் விரிவாக எழுதியிருக்கிறார். அவர் காலத்தில் அது பலரும் நம்பிய கருத்து. நிலத்தட்டுகள் நகர்வதைப் புவியியலார் கண்டறிந்த பிறகு அப்படி ஒரு கண்டம் மூழ்கியது என்ற கருத்துக்கு இடமில்லாமல் போனது. 24 சம சுருதிகளும் அப்படியே. இன்று பாடகரின் குரலைக் கணினியில் அளந்து பார்ப்போர், சுரம் ஒரே புள்ளியில் நிற்காமல் கமகத்தால் அசைந்துகொண்டே இருப்பதைக் காண்கிறார்கள். 22 என்றோ 24 என்றோ கோடு போட்டுப் பிரிப்பது அவ்வளவு எளிதன்று.

அப்படியானால் அவர் தோற்றுவிட்டாரா? இல்லை என்பதே என் பதில். பழம்பெருமை பேசுவது ஒன்று. பழைய நூலில் உள்ளதைப் பாடிப் பார்த்து, கணக்கிட்டுப் பார்த்து, மறுப்பவரை வீட்டுக்கு அழைத்துச் சோறிட்டு விவாதிப்பது வேறொன்று. அவர் முடிவுகளில் சிலவற்றை நாம் கைவிடலாம். அவருடைய முறையைக் கைவிடக் கூடாது. தமிழ் தொன்மையானது என்று மேடையில் முழங்கும் நாம், அந்தத் தொன்மையில் உள்ள ஒரு கணக்கையாவது நம் கையால் போட்டுப் பார்த்திருக்கிறோமா?

பாட்டியின் தாலாட்டு

இந்தக் கேள்வி என்னை உறுத்தியதால், சென்ற விடுமுறையில் என் பாட்டி பாடும் தாலாட்டைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்தேன். பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. அந்தத் தாலாட்டு எந்தப் புத்தகத்திலும் இல்லை. மூன்று முறை பாடச் சொன்னேன். மூன்று முறையும் வேறு வேறு உயரத்தில் தொடங்கினார். கீபோர்டில் ஒரு கட்டையைப் பிடித்து இதுதான் என்று சொல்ல முடியவில்லை. ஆனால், ஒவ்வோர் அடியும் முடியும் இடத்தைக் கவனித்து, அந்தச் சுரத்தை நான் தாழ்ந்த குரலில் இடைவிடாமல் ஒலித்துக்கொண்டே பதிவைப் போட்டுக் கேட்டேன். பாட்டு அதன்மேல் இயல்பாகச் சாய்ந்தது. வேறு சுரத்தை ஒலித்தபோது பாட்டு நிலைகொள்ளாமல் தவித்தது. உயரம் மூன்று முறை மாறினாலும், குரலுக்கும் மற்றச் சுரங்களுக்கும் உள்ள உறவு மாறவே இல்லை.

அந்தத் தாலாட்டில் மொத்தம் ஐந்து சுரங்களே இருந்தன: ச, ரி, க, ப, த. மோகனம்! கீபோர்டின் ஐந்து கறுப்புக் கட்டைகளுக்கு இடையே உள்ள இடைவெளிகள் அவை. முல்லைப்பண் என்று அறிஞர்கள் இனங்காட்டுவதும் அதையே. இதிலும் குரலை மாற்றிப் பார்த்தேன். ‘ரி’யைக் குரலாக்கினால் மத்தியமாவதி, ‘க’வை ஆக்கினால் இந்தோளம், ‘ப’வை ஆக்கினால் சுத்தசாவேரி, ‘த’வை ஆக்கினால் சுத்ததன்யாசி. ஐந்தே சுரங்களில் ஐந்து வேறு முகங்கள். அவற்றுள் பாட்டியின் பாட்டு எது என்பதைச் சொன்னது அடிகள் வந்து அமர்ந்த அந்த ஓர் இடம்தான். என் தாலாட்டு மோகனமாம் என்று சொன்னபோது பாட்டி சிரித்துவிட்டு, அது தம் அம்மா பாடியது என்று மட்டும் சொன்னார்.

தோட்டங்கள் பல மூடப்பட்டுவிட்டன. அங்கே பாடப்பட்ட தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் பாடியவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. சொற்களை எழுதி வைப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். மெட்டை எழுதுபவர்கள் மிகக் குறைவு. சொல் மட்டும் இருந்தால் நாளை அதைப் பாட முடியாது. பண்ணின் பெயர் மட்டும் அச்சிட்டிருந்த எங்கள் தேவாரப் புத்தகத்தைப் போல, வாசித்துவிட்டுக் கடக்கத்தான் முடியும்.

நம் கழகத்தில் கீபோர்டு வாசிப்பவர்கள் இருக்கிறார்கள், பாடுபவர்கள் இருக்கிறார்கள், கணக்குத் தெரிந்தவர்களுக்கும் குறைவில்லை. ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பார். அடுத்த விடுமுறையில் ஆளுக்கு ஒரு பாட்டைப் பதிவு செய்து வாருங்கள். அது எங்கே இளைப்பாறுகிறது என்று கேளுங்கள். குரல் எது என்று முடிவு செய்யுங்கள். பிறகு ச ரி க ம என்று எழுதுங்கள். ஐயம் வந்தால் கழக அறையில் கூடி விவாதிப்போம். தேநீர் என் செலவு. அடுத்த ஆண்டிதழில் பத்துப் பாடல்களாவது சுரக் குறிப்போடு வெளிவந்தால், அதுவே பண்டிதருக்கு நாம் செய்யும் மரியாதையாக அமையும்.